நம்மட ஐஸ் பெக்டரி உண்மையில என்ன வியாபாரம் செய்யுது?

ஐஸ்காரர் மகள், வாழைச்சேனை

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்க.

வாழைச்சேனையில எங்களுக்கு ஐஸ் பெக்டரி ஒண்டு இருக்கு. அப்பா 2003ல, சமாதான காலத்துல தொடங்கினது. மறு வருசமே சுனாமி. ஆறு மாசம் ஐஸ் எடுக்க மீன்பிடிப் போட்டே (படகு) இல்லாமக் கிடந்து, மறுகாத்தான் எழும்பினது. இப்ப அப்பாவுக்கு இதய ஒப்பரேசன் முடிஞ்சு, கொழும்பு வேலைய விட்டுட்டு வந்து ரெண்டு வருசமா நான்தான் பாக்கிறன்.

தெரியாத ஆக்களுக்காகச் சொல்லுறன். எங்களிட்ட 400 டின் இருக்கு. டின் எண்டா நீட்டுத் தகர அச்சு. நல்ல தண்ணிய நிரப்பி உப்புத்தண்ணித் தொட்டிக்குள்ள இறக்குவம். அமோனியா கொம்பிரசர் உப்புத்தண்ணிய மைனஸ் பத்துக்குக் கிட்டக் கொண்டுபோகும். உப்புத்தண்ணி உறையாது, டின்னுக்குள்ள இருக்கிற நல்ல தண்ணிதான் உறையும். 15 மணித்தியாலம் எடுக்கும். தூக்கிச் சாதாத் தண்ணியில ஒரு முக்கு முக்கினா 25 கிலோப் பார் வழுக்கிக்கொண்டு வெளிய வரும். ஒரு பாருக்கு ரெண்டு யூனிட்டுக்கு மேல கரண்ட் போகுது, மீட்டரைப் பாத்து நானே எடுத்த கணக்கு. கரண்டைக் கட்டியாக்கி விக்கிறம் எண்டுதான் நான் வீட்டுல சொல்லுறது. 2022 ஓகஸ்டுல கரண்ட் கட்டணம் சராசரி 75 வீதம் ஏறி, 2023 பெப்ரவரியில அதுக்கு மேல 66 வீதம் ஏறினதெல்லாம் உங்களுக்கும் தெரியும். அதுக்கு முதல், 2022 மார்ச் கடைசி நாள் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, அண்டைக்கு நான் லீவுல வீட்டில. உறைய 15 மணித்தியாலம் கேக்கிற சாமானுக்கு 13 மணித்தியாலம் வெட்டு. அப்பா தொட்டி மூடுற பலகையில ஏறி இருந்து சிரிச்ச சிரிப்பு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

சரி, கேள்விக்கு வாறன்.

கொம்பிரசர் கிழடாப்போச்சு. லோன் கேட்டுப் பாங்குக்குப் போனன். படிவத்துல "வியாபாரத்தின் தன்மை" எண்டு ஒரு வரி. "ஐஸ் உற்பத்தி" எண்டு எழுதினன். லோன் பாக்கிற தம்பி சொன்னாரு, "அக்கா, உற்பத்தி எண்டு எழுதினா மெஷினுக்குத்தான் லோன் காட்டலாம். வேற ஏதும் யோசினை இருந்தா இப்பவே மாத்தி எழுதுங்க." அந்தத் தம்பி சும்மாதான் சொன்னாரு. எனக்குத்தான் அது முள்ளு மாதிரித் தைச்சிட்டு.

ஏனெண்டா யோசினை எனக்கு ஒண்டில்ல, மூணு இருக்கு. ஒண்டு, புதுக் கொம்பிரசரும் இன்னும் 200 டின்னும். ரெண்டு, மீன் வைக்கிற குளிர் அறை. பக்கத்தில நாலு பேர் அதுதான் எதிர்காலம் எண்டு சொல்லுறாங்க. மூணு, பாசிக்குடா ஹோட்டல்களுக்குப் பக்கற்றில அடைச்ச சின்ன ஐஸ் கட்டி. மூணுக்கும் காசு இல்ல, ஒண்டுக்குத்தான் கிடைக்கும்.

அதே கிழமை டவுனில ரெண்டு நாள் ட்ரெய்னிங் ஒண்டுக்குப் போனன், யார் நடத்தினது எண்டு விடுங்க. முதல் நாளே ஒரு தாளைத் தந்து, "நீங்கள் உண்மையில் என்ன விற்கிறீர்கள்?" எண்டு எழுதச் சொன்னாங்க. எனக்குப் பக்கத்தில இருந்த ஆரையம்பதி அக்கா சலூன் வச்சிருக்கிறவ, "தன்னம்பிக்கை" எண்டு எழுதினா. எல்லாரும் கை தட்டினாங்க. என்ட தாளைப் பாத்த ட்ரெய்னிங் சேர், "நீங்கள் விற்பது ஐஸ் இல்லை, குளிர்ச்சி" எண்டாரு. அதுக்கும் கை தட்டல். குளிர்ச்சி எண்டு எழுதிட்டு வீட்ட வந்து யோசிச்சா, அந்தச் சொல்லால ஒரு முடிவும் எடுக்க ஏலாது. ஏசி விக்கிறவனும் குளிர்ச்சி, சர்பத் கடையும் குளிர்ச்சி.

எங்களிட்ட வாறது யாரெண்டும் சொல்லிடுறன். ஆழ்கடல் போட்டுக்காரர்தான் முக்கியம். இருபது இருபத்தஞ்சு நாளைக்குப் போறவங்க, ஒரு போட்டு 150ல இருந்து 200 பார் வரைக்கும் ஒரே தரத்துல ஏத்தும். மறுகா கொழும்புக்கு மீன் ஏத்திற லொறிக்காரர். மறுகா கரையில மீன்வாடி வச்சிருக்கிற ஆக்கள். நோன்பு மாசத்துல அசர் தொழுகைக்குப் பிறகு ஓட்டமாவடிப் பக்கத்துச் சின்னப் பொடியன்மார் சைக்கிள்ல வந்து பாரில கால்வாசி வெட்டித் தரச்சொல்லி நிப்பானுகள். உமிச்சாக்கில சுத்திக்கொண்டு பறப்பானுகள். அதில லாபமொண்டும் இல்ல, அப்பாவுக்கு அது ஒரு சந்தோசம். வாடைக்காத்துத் தொடங்கி மாரி வந்திட்டா கடலுக்குப் போறது குறைஞ்சிரும். நாங்களும் ஈ ஓட்டுவம், பில் மட்டும் வரும்.

பழைய ஆக்களுக்கு அப்பா கொப்பியில எழுதித்தான் குடுக்கிறாரு, போட்டு வந்து மீன் வித்தப் பிறகு காசு. அது எப்பவும் உள்ள வழக்கம்.

எனக்கு வேண்டியது அழகான வசனம் இல்ல. அந்த வரியில என்ன எழுதினா எதுக்குக் காசு போடுறதெண்டு தெளியும்?

ஓய்வு ஆசிரியர், களுவாஞ்சிகுடி

மகள், உங்கள் கேள்வியைப் படித்தபின் இரவு தூக்கம் வரவில்லை. முப்பது வருடம் வணிகக்கல்வி படிப்பித்தவனுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா?

உங்கள் பயிற்சியில் சொன்னதற்கு மூலம், தியோடர் லெவிட் என்ற பேராசிரியர் 1960இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் எழுதிய கட்டுரை. அமெரிக்க ரயில் கம்பனிகள் தங்கள் தொழில் ரயில் ஓட்டுவது என்றே நினைத்தன. ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தொழில் என்று நினைத்திருந்தால், லொறியிடமும் காரிடமும் விமானத்திடமும் அப்படித் தோற்றிருக்காது என்பது அவருடைய வாதம். இதை வகுப்பில் மட்டக்களப்பு ரயிலை வைத்துத்தான் நான் விளக்குவேன். ஒரு வருடம் பின்வாங்கில் இருந்து ஒரு பையன் எழும்பி, "சேர், ரயில் ஓட்டுறவருக்குப் பிளேன் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டான். மணி அடிக்கும் வரை கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். இன்று வரை என்னிடம் சரியான பதில் இல்லை.

ஆனால் ஐஸ் வியாபாரத்திலேயே ஒரு நல்ல கதை உண்டு. பிரெடரிக் டியூடர் என்று பொஸ்டனில் ஒருவர். மாரிகாலத்தில் குளத்தில் உறையும் ஐஸை வாளால் அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றார். 1833இல் கல்கத்தாவுக்கு ஒரு கப்பல் போனது. ஏற்றியது 180 தொன், நாலு மாதக் கடல் பயணத்தில் உருகியது போக நூறு தொன் அளவில் போய்ச் சேர்ந்தது. கட்டுபடியானது எப்படி? பொஸ்டனிலிருந்து இந்தியாவுக்குப் போகிற கப்பல்களுக்குப் போகும்போது ஏற்றப் போதிய சாமான் இல்லை, பாரத்துக்குக் கல்லைப் போட்டுக்கொண்டு போவார்கள். கல்லுக்குப் பதிலாக ஐஸ் என்றால் கூலி மலிவு. அடுத்தது, போய் இறங்கும் ஊரில் தடித்த சுவர் வைத்து ஐஸ் வைக்கும் கட்டடம் கட்டினார். சென்னைக் கடற்கரையில் 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் அப்படி வந்ததுதான். பிற்காலத்தில், 1897இல், சுவாமி விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். 1870களில் இயந்திர ஐஸ் இந்தியாவுக்கு வந்ததும் கப்பல் ஐஸ் படுத்துவிட்டது. ஐஸ் கரைந்துபோனது, கட்டடம் மட்டும் இன்றும் நிற்கிறது.

நம் நாட்டில் 1866இல் கொழும்பில் ஐஸ் செய்யத் தொடங்கிய கம்பனிதான் இன்று எலிபன்ட் ஹவுஸ் சோடாவும் ஐஸ்கிரீமும் விற்கிறது. கீல்ஸ் சுப்பர்மார்க்கெட்டும் அதே கம்பனியின் கீழ்தான். ஆகவே பரந்து சிந்தியுங்கள், மகள். குளிர் அறை நல்ல யோசனை.

மில்லுக்காரன், சம்மாந்துறை

சேர் சொன்னது கேக்க நல்லாரிக்கி. நான் பரந்து சிந்திச்சவன், அதான் சொல்ல வந்தன்.

நெல்லுக் குத்துற மில்லு வச்சிரிக்கன். ஒருத்தர் வந்து, "நீங்க மில்லுக்காரன் இல்ல, உணவுத்துறையில இரிக்கீங்க" எண்டு மண்டையில ஏத்திட்டாரு. உணவுத்துறை எண்டதும் அரிசிமா பக்கற் போட்டன், லேபல் அடிச்சன், இடியப்பமாவும் போட்டன். மூணு வருசம். நெல்லுக் காயப்போடுறதும் ஈரப்பதம் பாக்கிறதும் நமக்குக் கைவந்த வேலை. கடை கடையா ஏறி இறங்கி, திகதி முடிஞ்ச பக்கற்றைத் திருப்பி எடுத்து, காசுச் செக்குக்கு (காசோலை) நிண்டு கெஞ்சிற வேலை நமக்குத் தெரியாது. மா பூச்சி புடிச்சது, காசும் போச்சு. பெரும்போகத்துக்கு நெல்லு வாங்கக் கையில காசில்லாம நிண்டதுதான் மிச்சம்.

அந்தப் பொடியன் கேட்ட கேள்விதான் சேர் சரி. பிளேன் ஓட்டத் தெரியுமா எண்டு முதல்ல பாருங்க, தங்கச்சி.

பின்குறிப்பு, உமி வேணுமெண்டா சொல்லுங்க. ஒரு லொறி கிடக்கு.

லொறிக்காக்கா, ஓட்டமாவடி

புள்ள, உங்கட வாப்பாட்ட நான் பதினஞ்சு வருசமா ஐஸ் எடுக்கன். பேரு சொல்லாட்டியும் நான் யாரெண்டு உங்களுக்கு விளங்கும்.

முதல்ல இந்தக் குளிர் அறைக் கதை. மீனை வெறும் குளிர் அறைக்குள்ள போட்டா காத்தடிச்சுத் தோல் காயும், கண் மங்கும். ஐஸுக்குள்ள போட்ட மீன் ஈரத்தோட மினுங்கும். ஐஸ் உருகிக்கொண்டு இரிக்கணும் புள்ள, உருகிறப்பதான் மீன்ட சூட்டை உறிஞ்சும். உருகாத ஐஸால பிரயோசனமில்ல. நான் வாழைச்சேனையில ஏத்திக் கொழும்புப் பக்கம் பேலியகொடை மீன் சந்தைக்கு நடுச்சாமத்துல போறவன். மீன் ஒரு கிலோவுக்கு ஐஸ் ஒரு கிலோ எண்டு போடாட்டி, விடிய ஏலத்துல விலை கூடின அறுக்குளா மீனுக்கும் மலிஞ்ச சூரை விலைதான் கேப்பானுகள்.

ரெண்டாவது, கோவிக்காம கேளுங்க. நீங்க மீன் ரூம் போட்டா அதுக்குள்ள யார்ட மீன்? போட்டுக்காரன் விலை விழுந்த நாள்ல உங்கட ரூமில வைப்பான், விலை ஏறினா எடுப்பான். அப்ப நம்மளப்போல லொறிக்காரனுக்கு நீங்க ஐஸ் தாற ஆள் இல்ல, எதிர்க்கடை. ஐஸ் வாங்க நான் வேற இடம் போயிருவன். கோவத்துல சொல்லல்ல, தொழில் அப்படி.

மூணாவதுதான் முக்கியம். உங்கட ஐஸில ஒரு விசேசமும் இல்ல. எல்லாப் பெக்டரியும் 25 கிலோ எண்டு சொல்லுறதுதான், எல்லாம் வெள்ளைக் கட்டிதான். போட்டுக்காரன் கேக்கிறது வேற. பறுவத்துக்கு, அதான் முழுநிலா நாளைக்கு, நிலவு வெளிச்சத்துல வலையில மீன் படாது, அதால பறுவத்தை அண்டிப் போட்டெல்லாம் கரைக்கு வரும். மீனை வித்து, வலையைத் தைச்சு, பறுவம் கழிஞ்சதும் எல்லாரும் ஒண்டா வெளிக்கிடுவானுகள். டீசல் அடிச்சாச்சு, தண்ணி ஏத்தியாச்சு, ஆக்கள் ஆறு பேரும் ஏறியாச்சு, ஐஸ் மட்டும் இல்ல எண்டா, கரையில கிடக்கிற ஒவ்வொரு நாளும் இருட்டு நாள்ல ஒண்டு குறையுது. அந்த நேரம் ஐஸ் உள்ளவன்தான் ராசா. மற்ற நாள்ல ஐஸ் வச்சிரிக்கிறவன் வெறும் ஐஸ்காரன்.

உங்கட வாப்பா ராவு ரெண்டு மணிக்கும் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு எழும்பி வருவாரு. அதுக்குத்தான் நாங்க வாறது.

செங்கலடி மாப்பிள்ளை

இடையில வாறதுக்கு மன்னிக்கணும். அடுத்த மாசம் எங்கட வீட்டுல கல்யாணம், 60 பார் தேவைப்படும். சில்லறை விலை என்ன? கொண்டுவந்து இறக்குவீங்களா?

கணக்குப் பாக்கிறவன், கல்முனை

எல்லாரும் ஐஸைப் பத்திப் பேசுறீங்க. பதிவின்ட கடைசியில அக்கா ஒரு பந்தியைச் சத்தமில்லாம வச்சிட்டுப் போயிருக்கிறா. "அப்பா கொப்பியில எழுதித்தான் குடுக்கிறாரு." அது வழக்கமில்ல அக்கா, அது ஒரு வியாபாரம்.

எங்கட அம்மா தையல் மெஷின் வாங்கினது மாசத் தவணைக்கு. சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877ல, மெஷினைத் தவணைக்கு விக்கிறதை அமெரிக்காவில 1856லேயே தொடங்கிட்டாங்க. இப்ப அந்தக் கடைக்குள்ள போய்ப் பாருங்க, பிரிட்ஜும் டீவியும் வாஷிங் மெஷினும்தான் கண்ணுக்குத் தெரியும். தையல் மெஷின் ஒரு மூலையில. சாமான் மாறிட்டு, தவணைப் படிவம் மட்டும் மாறாம நிக்குது. அவங்க நூத்தம்பது வருசமா உண்மையில என்ன விக்கிறாங்க எண்டு அதிலயே தெரியும். ஆனா அவங்க தவணைக்கு விலை போட்டுத்தான் விக்கிறாங்க. உங்கட அப்பா கடனுக்கும் கைக்காசுக்கும் ஒரே விலையிலதானே குடுக்கிறாரு? அப்ப கரண்ட் சபைக்கு மாசம் மாசம் கைக்காசு கட்டி, போட்டுக்காரருக்கு வட்டியில்லாம ஒரு மாசம் ரெண்டு மாசம் கடன் குடுக்கிறீங்க. கடல்ல போட்டுக்கு ஏதும் நடந்தா அந்தக் கடனும் உங்கட தலையிலதான்.

படிவத்துல என்ன எழுதுறதெண்டு பிறகு பாப்பம். முதல்ல அப்பாட கொப்பிய எடுங்க. ஒரு கடல் சீசனுக்கு, எந்த நாள், எந்தப் போட்டு, எத்தினை பார், கைக்காசா கடனா, எப்ப தந்தது எண்டு எழுதுங்க. வேற ஒண்டும் வேணாம். வியாபாரம் என்னெண்டு நம்மளிட்டக் கேட்டு என்ன, அது அந்தக் கொப்பிக்குள்ளதான் கிடக்கு.

ஐஸ்காரர் மகள், வாழைச்சேனை

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் காணாமப் போனதுக்குக் காரணம் கல்முனை அண்ணன்தான்.

அப்பாட கொப்பி எண்டா ஸ்கூல் பிள்ளையளிட CR கொப்பி இல்ல, மீன்வாசம் புடிச்ச, உப்புத்தண்ணி பட்டு ஓரமெல்லாம் நெளிஞ்ச அஞ்சு கொப்பி. போன வருசச் சித்திரைப் புதுவருசம் முடிஞ்சதில இருந்து 150 நாளை எடுத்தன். கலண்டரில பறுவத்தையெல்லாம் சிவப்பால வட்டம் போட்டன். லொறிக்காக்கா சொன்னதை நானும் சின்ன வயசில இருந்து கேட்டிருக்கன். ஆனா எண்ணிப் பாத்ததில்ல.

அந்த 150 நாளுக்குள்ள அஞ்சு பறுவம். ஒவ்வொரு பறுவத்துக்கும் பிந்தின ஏழு நாள் எண்டு எடுத்தா 35 நாள். அந்த 35 நாளும் டின் முழுக்க வெறும், நாளுக்கு 400 பாரும் போயிருக்கு. 14,000 பார். மற்ற 115 நாளில 46,000 பார் செய்யலாம், குடுத்தது 17,000. அதாவது மூண்டில ரெண்டு பங்கு நேரம் உறைஞ்ச ஐஸ் டின்னுக்குள்ளயே கிடக்க, உப்புத்தண்ணிய நாங்க சும்மா குளிராக்கிக்கொண்டு இருந்திருக்கம்.

இன்னொண்டு. சில நாள்ல போட்டுப் பேருக்குப் பக்கத்தில "இ" எண்டு ஒரு எழுத்து, வட்டத்துக்குள்ள. பார் எண்ணிக்கை இல்ல. முதல்ல "இலவசம்" எண்டு நினைச்சு எனக்கு வயிறு எரிஞ்சது. அப்பாட்டக் கேட்டன். "இல்லை" எண்டாரு. இலவசம் இல்லையா எண்டு திரும்பக் கேட்டன். "இல்லடி, அது ‘இல்லை.’ ஐஸ் இல்லையெண்டு திருப்பி அனுப்பினது."

இருபது வருசமா தன்னட்ட இல்லாத சாமானுக்கும் கணக்கு எழுதியிருக்கிறாரு மனுசன். ஏன் எழுதினீங்க எண்டு கேட்டா, "மறுகா காணேக்க மன்னிப்புக் கேக்கிறதுக்கு" எண்டுறாரு.

அந்த 150 நாளில 31 "இ". அதில 26 பறுவத்துக்குப் பிந்தின கிழமைக்குள்ள, அதிலயும் மூணாம் நாள் நாலாம் நாள்தான் கூட. ஒரு போட்டுக்கு 160 பார் எண்டு வச்சாலும் ஐயாயிரம் பாருக்குக் கிட்டத் திருப்பி அனுப்பியிருக்கம்.

இப்ப என்ட மூணு யோசினையையும் இதுக்குப் பக்கத்தில வச்சுப் பாத்தன். புதுக் கொம்பிரசரும் 200 டின்னும் போட்டா அந்த நெருக்கமான ரெண்டு நாளைக்கு 400 பார்தான் கூடும், மற்ற 115 நாளும் இன்னும் பெருசாச் சும்மா கிடக்கும், பில்லும் பெருசாகும். மீன் ரூமுக்கு லொறிக்காக்கா சொன்ன பதில் போதும். ஹோட்டலுக்குப் பக்கற் ஐஸ் எண்டுறது சம்மாந்துறை அண்ணன்ட அரிசிமாதான், எனக்குப் பிளேன் ஓட்டத் தெரியாது.

படிவத்துலயோ என்ட தலைக்குள்ளயோ இல்லாத நாலாவது ஒண்டு இருக்கு. ஐஸ் வைக்கிற அறை. பதினாறடிக்குப் பன்னிரண்டடி, ஏழடி உயரம், சுத்திவர ரெஜிபோம் (சூடு உள்ள வராமத் தடுக்கிற வெள்ளை நுரைப் பலகை) அடிச்சு, ஒரு சின்னக் குளிர்க் குழாய் போட்டா ஆயிரம் பார் அடுக்கலாம். சும்மா கிடக்கிற நாளில செய்து அடுக்கி வச்சு, பறுவம் கழிஞ்ச கிழமை இறக்கிறது. அஞ்சு பறுவத்துக்கு ஐயாயிரம் பார், திருப்பி அனுப்பினதும் அதுதான். பழைய கொம்பிரசரைப் பிரிச்சு மேவி எடுக்கிற செலவோட சேத்தும் புதுசு வாங்கிறதில மூண்டில ஒரு பங்குக்குள்ள முடியுது. சேர், நீங்க பொஸ்டன்காரர்ட கதையைப் பரந்து சிந்திக்கச் சொல்லி எழுதினீங்க, எனக்கு அதில ஒட்டினது அந்தச் சென்னைக் கட்டடம்தான்.

கல்முனை அண்ணனுக்கு ஒரு கெட்ட செய்தி. 31 "இ"யில 24 கைக்காசுக்காரர். நெருக்கமான நாளில கொப்பிக்காரருக்குக் குடுத்து, காசு வச்சுக்கொண்டு நிண்டவங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாரு. நான் சத்தம் போட்டன். ஒப்பரேசன் செய்த ஆள் எண்டும் பாக்காம. அவர் தேத்தண்ணிய ஊதி ஊதிக் குடிச்சிட்டு, "கைக்காசுக்காரன் எங்கயும் வாங்குவான், கடன்காரன் எங்க போவான்?" எண்டாரு. எனக்கு அதுக்கு உடனே பதில் வரல்ல.

கணக்குப் பாக்கிறவன், கல்முனை

பதில் இருக்கு அக்கா. ரெண்டு விலை போடுங்க. பறுவத்துக்கு முதலே காசு கட்டிப் பதிவு செய்யிற போட்டுக்கு அறையில இருந்து முதல் ஐஸ், விலையும் குறைவு. கொப்பிக்காரருக்கு ஐஸ் உண்டு, ஆனா கூட விலை, மூணு போட்டுக்கு மேல பாக்கி நிக்கக் கூடாது. அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார் எண்டும் தெரியும். அறை வந்தா "இ" போடத் தேவை குறையும், அப்ப மெல்லமாக் கேட்டுப் பாருங்க.

லொறிக்காக்கா, ஓட்டமாவடி

அந்தக் கொப்பியில என்ட பேருக்கும் ஒரு "இ" இரிக்கணும், ஆடி மாசம். வாப்பா அடுத்த தரம் கண்டப்ப மன்னிப்பும் கேட்டாரு, ஒரு சோடாவும் வாங்கித் தந்தாரு. சோடாக் கணக்கையும் சேத்துக்கொள்ளுங்க.

அறை போடுறதெண்டா வாசலைப் பெருசா வைங்க புள்ள. லொறிப் பின்பக்கம் நேரே வந்து முட்டணும். ஐஸ் உடைக்கிற மெஷினையும் வாசலுக்குப் பக்கத்திலேயே வச்சா ஆறு போட்டுக்கு ஒரு ராவுல ஏத்தலாம்.

ஐஸ்காரர் மகள், வாழைச்சேனை

காக்கா, உங்கட "இ" இருக்கு. ஆடி பன்னிரண்டு.

படிவத்தை நேற்றுத் திருப்பிக் குடுத்திட்டன். அந்த வரியில "வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து போட்டுகள் வெளிக்கிடும் நாளில் கேட்ட அளவு ஐஸ் கொடுத்தல்" எண்டு எழுதினன். லோன் பாக்கிற தம்பி ரெண்டு தரம் வாசிச்சிட்டு, "இது உற்பத்தியும் இல்ல, களஞ்சியமும் இல்லயே அக்கா, எந்தப் பெட்டியில அடையாளம் போட?" எண்டு கேட்டாரு. கலண்டரையும் "இ" எழுதின பக்கங்களையும் போட்டோக் கொப்பி எடுத்துப் பின்னால குத்திக் குடுத்திருக்கன். மனேஜர் பாக்கணுமாம். வாற கிழமை தெரியும்.

சம்மாந்துறை அண்ணன், உமி வேணாம், குறை நினைக்காதீங்க. சுவருக்கு ரெஜிபோம்தான்.

செங்கலடித் தம்பி, 60 பார் தரலாம், கொண்டுவந்தும் இறக்கலாம். கல்யாணம் எந்தத் திகதி? பறுவம் கழிஞ்ச கிழமை எண்டா மட்டும் இப்பவே சொல்லுங்க.